நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்ய எந்த இயந்திரம் வாங்கலாம்? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகள், கோவையைச் சுற்றியுள்ள பண்ணை வீடுகள், சென்னைப் புறநகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் என்று நீச்சல் குளம் இப்போது பல இடங்களுக்கு வந்துவிட்டது. குளம் கட்டும்போது ஓட்டின் நிறம் முதல் விளக்கு வரை பேசி முடிவெடுக்கிறோம். தரையை யார் தினமும் கூட்டுவது என்று மட்டும் பேசுவதில்லை. ஒரு பங்குனி, சித்திரை கடந்ததும் அந்தக் கேள்வி வந்து நிற்கும். மேனுவல் வேக்கம் போடுகிறவர் உச்சி வெயிலில் நீளமான கம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பதைப் பார்த்தவர்கள், தானியங்கி இயந்திரம் வாங்கக் கிளம்புவது நியாயம்தான்.

கடைக்குப் போனால் முதலில் மாடல்களைத்தான் காட்டுவார்கள். நான் சொல்வது வேறு வரிசை. முதலில் உங்கள் குளத்தைப் பாருங்கள். அதில் என்ன விழுகிறது, சுவருக்குள் என்ன குழாய் போயிருக்கிறது, தரையில் என்ன ஓடு பதித்திருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் எந்த வகை வேண்டும் என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடும்.

படி 1: அழுக்கை அடையாளம் காணுங்கள்

இரவு முழுக்க மோட்டார் ஓடாமல் இருந்த குளத்தைக் காலையில் பாருங்கள். தண்ணீர் அசையாமல் இருப்பதால் விழுந்ததெல்லாம் அடியில் படிந்திருக்கும். படியில் இறங்கி, அந்தப் படிவைக் காலால் மெதுவாகத் தள்ளுங்கள். எழும்பியதும் உடனே கீழே உட்கார்ந்தால் அது மணல். புகைபோல எழும்பி நெடுநேரம் தண்ணீரிலேயே மிதந்தால் நுண்ணிய தூசி அல்லது செத்த பாசி. கட்டுமான வேலை நடக்கும் தெருவில் சிமென்ட் தூசியும் இப்படித்தான் எழும்பும். அடுத்து சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே விரலை வைத்துத் தேயுங்கள். வழுக்கினால் பாசி பிடிக்கத் தொடங்கிவிட்டது.

இலைகளிலும் வித்தியாசம் உண்டு. வேப்பிலை, தூங்குமூஞ்சி மர இலை போன்ற சிறு இலைகள் பெரும்பாலான இயந்திரங்களுக்குள் போய்விடும். வாதாம் மர இலை வாயிலேயே அடைத்துக்கொள்ளும். கடற்கரைப் பக்கத்தில் சவுக்கு மரம் இருந்தால் கவனமாக இருங்கள். அதன் ஊசி போன்ற சருகுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, குறுகலான தொண்டை உள்ள கருவியை நிறுத்திவிடும்.

குளம் ஏற்கெனவே பச்சையாக இருந்தால் இயந்திரம் வாங்கும் பேச்சைத் தள்ளிப்போடுங்கள். முதலில் பி.எச். அளவை 7.2-க்கும் 7.6-க்கும் நடுவே கொண்டுவந்து, குளோரின் போட்டுப் பாசியைக் கொன்று, அடியில் படிந்ததை, பில்டரின் மேல் தண்ணீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வை ‘வேஸ்ட்’ நிலையில் வைத்து மேனுவலாகவே வெளியே இறைத்துவிட வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயந்திரமும் பச்சைத் தண்ணீரைத் தெளிய வைக்காது. அதன் வேலை படிந்ததை எடுப்பது மட்டுமே.

படி 2: சுவரில் உள்ள துளைகளைத் தேடுங்கள்

குளத்தின் சுவரில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, மூடி போட்ட ஒரு வட்டத் துளை இருக்கிறதா பாருங்கள். அதுதான் வேக்கம் பாயிண்ட். சதுர வாய் வைத்து மேலே மூடி போட்டிருந்தால் அது ஸ்கிம்மர். நம் ஊரில் புதிதாகக் கட்டும் பல குளங்கள், தண்ணீர் விளிம்பு வரை நின்று ஓரத்துக் கால்வாயில் வழியும் ஓவர்ஃப்ளோ வகை. இவற்றில் ஸ்கிம்மர் இருக்காது. வேக்கம் பாயிண்டும் இல்லையென்றால், அடுத்த படியில் சொல்லும் உறிஞ்சு வகைக் கருவி உங்களுக்குச் சரிப்படாது.

கூடவே மோட்டார் அறைக்கும் போய்ப் பாருங்கள். பில்டர் மோட்டாரைத் தவிர பூஸ்டர் பம்ப் என்று இன்னொன்று இருந்தால், குளம் கட்டியவர் அழுத்த வகைக் கருவிக்குத் தனி லைன் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலான வீடுகளில் அது இருக்காது.

படி 3: மூன்று வகைகளையும் புரிந்துகொள்ளுங்கள்

முதலாவது, உறிஞ்சு வகை. பில்டர் மோட்டார் இழுக்கும் அதே இழுவிசையில் ஓடும் கருவி இது. நீண்ட ஹோஸின் ஒரு முனை வேக்கம் பாயிண்டில் இருக்கும், மறுமுனையில் தட்டையான கருவி தரையில் ஊர்ந்துபோகும். அதற்குள் மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. தண்ணீர் விட்டுவிட்டு இழுபடும்போது, பல மாடல்களில் உள்ளே இருக்கும் ரப்பர் டயாப்ரமோ வால்வோ துடிக்கும், அந்தத் துடிப்பில்தான் அது நகரும். 1974-ல் தென் ஆப்பிரிக்காவில் பெர்டினாண்ட் ஷோவியே என்ற பொறியாளர் உருவாக்கிய ‘கிரீப்பி கிராலி’ இந்த வகையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இன்றும் விலை குறைந்தது இதுதான். பழுதானாலும் பெரும்பாலும் ரப்பர் பாகத்தை மாற்றினால் போதும்.

குறை எங்கே என்றால், அது எடுக்கும் அழுக்கெல்லாம் உங்கள் சாண்ட் பில்டருக்குத்தான் போகிறது. இலை விழும் குளத்தில் பம்ப் கூடை சீக்கிரம் நிறைந்துவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் தண்ணீர் வராமல் மோட்டார் சூடாகும். ஹோஸின் நடுவே இலைப் பிடிப்பான் ஒன்றை மாட்டினால் இந்தத் தொல்லை பாதியாகும். மிக நுண்ணிய தூசி மணல் வழியே நழுவி, திரும்பவும் குளத்துக்கே வந்து சேரும். ஓட்டமும் குருட்டு ஓட்டம்தான். ஒரே மூலையைப் பலமுறை சுத்தம் செய்துவிட்டு எதிர் மூலையை விட்டுவிடும். ஹோஸைச் சுருட்டி வைக்காமல் நீளவாக்கில் நிழலில் போட்டு வையுங்கள். சுருட்டினால் அந்த வளைவு நிலைத்துப்போய், கருவி ஒரே இடத்தில் வட்டமடிக்கும்.

இரண்டாவது, அழுத்த வகை. இதில் தண்ணீர் கருவிக்குள் வேகமாகத் தள்ளப்படுகிறது. அந்த விசையில் சக்கரம் சுழலும், அழுக்கு மேலெழுந்து பின்னால் கட்டிய துணிப்பையில் விழும். போலாரிஸ் 280 இந்த வகையில் பெயர்பெற்றது. அதற்குப் பூஸ்டர் பம்ப் வேண்டும். பெரிய இலைகளை அள்ளுவதில் இந்த வகையை மிஞ்சுவது கடினம். பில்டருக்கும் பாரம் கிடையாது. ஆனால் தனி லைன் இல்லாத குளத்தில் இதற்காக ஓட்டை உடைத்துக் குழாய் போடுவது எனக்குச் சம்மதமில்லை. உடைத்த இடத்தில் கசிவு வந்தால் அதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. இனிமேல்தான் குளம் கட்டப்போகிறீர்கள், சுற்றிலும் மாவும் வாதாமும் நிற்கின்றன என்றால், அப்போதே அந்த லைனைப் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ரோபோ. குளத்தின் குழாய்களோடு இதற்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது. உள்ளேயே மோட்டார், பம்ப், பிரஷ், பில்டர் கூடை எல்லாம் இருக்கும். கரையில் வைக்கும் பவர் சப்ளை பெட்டி வீட்டு மின்சாரத்தை 30 வோல்ட் அளவுக்குக் குறைத்து, மிதக்கும் கேபிள் வழியே அனுப்பும். இஸ்ரேலில் ஒரு கிப்புட்ஸ் கிராமத்தில் 1983-ல் தொடங்கிய மேட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ‘டால்பின்’ ரோபோக்கள் இந்தத் துறையில் நெடுநாளாக இருப்பவை. தரை, சுவர், தண்ணீர் மட்டத்து எண்ணெய்க்கோடு மூன்றையும் தேய்க்கும் மாடல்கள் உண்டு; தரையோடு நின்றுவிடும் மாடல்களும் உண்டு. விலை வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் இதுவே.

ரோபோவின் உண்மையான பலன் அதன் கூடையைத் திறக்கும்போது தெரியும். ஓட்டம் முடிந்ததும் கேபிளைப் பிடித்து ஓரத்துக்கு மட்டும் இழுங்கள், தூக்குவது கைப்பிடியில்தான். விளிம்பில் சாய்த்துப் பிடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வடியும். மூடியைத் திறந்தால் மேலே இலையும் எறும்பும் தலைமுடியும் இருக்கும். அதற்கு அடியில், வலையோடு ஒட்டிக்கொண்டு, சந்தனம் அரைத்ததுபோல் ஒரு வழவழப்பான படலம். சாண்ட் பில்டரை ஏமாற்றிவிட்டு மாதக்கணக்கில் குளத்தைச் சுற்றிவந்த தூசி அதுதான். அதை ஈரமாக இருக்கும்போதே ஹோஸ் தண்ணீரால் அடித்துக் கழுவிவிடுங்கள். காயவிட்டால் வலைக்கண்களை அடைத்துக்கொண்டு போகாது.

வயரில்லாத பேட்டரி ரோபோக்களும் இப்போது நிறைய வருகின்றன. சிறிய குளத்துக்கும், வார இறுதியில் மட்டும் போகும் பண்ணை வீட்டுக்கும் அவை வசதி. ஆனால் சார்ஜ் தீர்ந்தால் பல மாடல்கள் அடியில் நின்றுவிடும், கொக்கி போட்டுத்தான் எடுக்க வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு நம் கோடை வெயில் ஆகாது. சார்ஜ் போடும் முனையை ஈரம் போகத் துடைக்காமல் செருகினால், உப்புக் குளோரினேட்டர் வைத்த குளங்களில் அது சீக்கிரமே அரித்துப்போகும். தினமும் ஓட்ட வேண்டிய குளத்துக்கு நான் கேபிள் ரோபோவைத்தான் சொல்வேன்.

படி 4: ஓட்டையும் வடிவத்தையும் பாருங்கள்

நம் குளங்களில் கண்ணாடி மொசைக் ஓடு அதிகம். அதில் சாதாரண ரப்பர் பிரஷ் வழுக்கும், சுவரில் பாதி ஏறிச் சரிந்துவிடும். ஸ்பாஞ்ச் போன்ற பி.வி.ஏ. பிரஷ் இருந்தால் பிடித்து ஏறும். எந்த பிரஷோடு வருகிறது என்று கேட்காமல் ரோபோ வாங்காதீர்கள்.

படிக்கட்டு, முழங்காலுக்கும் கீழே ஆழமுள்ள குழந்தைகள் பகுதி, உட்காரும் மேடை ஆகியவற்றை எந்தத் தானியங்கிக் கருவியும் ஒழுங்காகச் சுத்தம் செய்யாது. பிரஷ் போட்டு அங்கிருக்கும் அழுக்கை ஆழத்துக்குத் தள்ளிவிடுங்கள். ரிசார்ட் பாணியில் சரிந்து இறங்கும் கரை இருந்தால், தண்ணீருக்கு வெளியே வந்ததும் தானாகத் திரும்பும் ரோபோவா என்பதைக் கேட்டு வாங்குங்கள்.

படி 5: மின்சாரத்தையும் தண்ணீரையும் கணக்குப் போடுங்கள்

25 அடி நீளம், 12 அடி அகலம், சராசரி 4 அடி ஆழம் உள்ள வீட்டுக் குளத்தில் சுமார் 34,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஐந்து மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 5 யூனிட். 150 வாட் ரோபோ இரண்டு மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட். இதைக் காட்டி, மின்கட்டணம் பெரிதாகக் குறையும் என்று விற்பவர் சொல்வார். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ரோபோ இருந்தாலும், குளோரின் பரவவும் தண்ணீர் வடிகட்டப்படவும் பில்டர் மோட்டார் தினமும் ஓடித்தான் ஆக வேண்டும். சுத்தம் செய்வதற்காகக் கூடுதலாக ஓட்டிய நேரம் மட்டுமே மிச்சம்.

உண்மையான சேமிப்பு தண்ணீரில் இருக்கிறது. பில்டரில் சேர்ந்த அழுக்கை வெளியே தள்ள, மணிக்கு 12,000 லிட்டர் தள்ளும் மோட்டாரில் மூன்று நிமிடம் பேக்வாஷ் செய்தால் 600 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. உறிஞ்சு வகையில் எல்லா அழுக்கும் பில்டருக்குப் போவதால் பேக்வாஷ் அடிக்கடி தேவைப்படும், ரோபோவில் குறையும். லாரித் தண்ணீர் வாங்கிக் குளம் நிரப்புகிறவர்களுக்கு, சென்னையின் கோடையில் இது சின்ன விஷயமில்லை.

படி 6: பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். வேக்கம் பாயிண்டின் இழுவிசை ஒரு குழந்தையின் கையையோ தலைமுடியையோ பிடித்து வைக்கும் அளவுக்கு வலுவானது. ஸ்பிரிங் வைத்துத் தானாக மூடிக்கொள்ளும் மூடி அதற்குக் கட்டாயம் இருக்க வேண்டும். மூடி உடைந்திருந்தால் மாற்றும்வரை அந்த வால்வைத் திறக்காதீர்கள். அடியில் உள்ள டிரெயின் ஜாலி கழன்றோ உடைந்தோ இருந்தாலும் யாரையும் குளத்தில் இறக்காதீர்கள்.

எந்த வகைக் கருவி ஓடினாலும் குளத்தில் ஆள் இருக்கக் கூடாது. ரோபோவின் பவர் சப்ளையை விளிம்பிலிருந்து குறைந்தது 3.5 மீட்டர் தள்ளி, மழையும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். அந்தப் பிளக் பாயிண்டுக்கு, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்; அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

படி 7: முடிவெடுங்கள், ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுங்கள்

வேக்கம் பாயிண்ட் உள்ள சிறிய குளம், சிற்றிலையும் மணலும்தான் அழுக்கு, கையிருப்பு குறைவு என்றால் உறிஞ்சு வகை போதும். பூஸ்டர் லைன் இருந்து, பெரிய இலைகள் கொட்டினால் அழுத்த வகை. மொசைக் ஓடு, நுண்தூசி, ஓவர்ஃப்ளோ குளம் என்றால் சுவர் ஏறும் கேபிள் ரோபோ. நம் பக்கத்துக் குளங்களில் பெரும்பான்மை இந்த மூன்றாவது கணக்கில்தான் வரும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் வீட்டு உபயோக மாடலை வாங்காதீர்கள். பெரிய குளத்தில் தினமும் ஓடினால் தாங்காது, வாரன்டியும் செல்லாமல் போகலாம். அதற்கென்று வரும் கமர்ஷியல் மாடலைக் கேளுங்கள்.

இயந்திரம் வந்துவிட்டதென்று குளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளை நிறுத்திவிடாதீர்கள். குளோரின் அளவு பார்ப்பதும், உடைந்த ஜாலியைக் கண்டுபிடிப்பதும், கூடையைக் கழுவுவதும் அவர்தான். கம்பு பிடித்து நின்ற அந்த நேரத்தை இந்த வேலைகளுக்குக் கொடுங்கள்.

பணம் கட்டும் முன் உங்கள் குளத்திலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ரோபோவை இறக்கியதும் உள்ளே அடைபட்ட காற்று போக, இப்படியும் அப்படியும் ஆட்டிக் குமிழி நின்ற பிறகே விட வேண்டும், இல்லாவிட்டால் மிதக்கும். முழுச் சுற்றும் முடியும்வரை அங்கேயே இருங்கள். நான்கு மூலைக்கும் போனதா, டிரெயின் ஜாலியில் சிக்கியதா, சுவரில் எந்த உயரம்வரை ஏறியது என்று பாருங்கள். பிரஷ், பெல்ட், கேபிள் மூன்றும் தனியாக என்ன விலை, எத்தனை நாளில் கிடைக்கும், சர்வீஸுக்கு ஆள் வீட்டுக்கு வருவாரா அல்லது இயந்திரத்தை வெளியூருக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.