கிளிஞ்சல் பொறுக்கும் கரை

நுழையும்முன்

விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம்மில் பலருக்குக் கடற்கரை ஒருநாள் உலாவாகவே அமைகிறது. அந்த ஒருநாளில் மணலில் எவற்றைக் காணலாம், எவற்றை எடுக்கலாம், எவற்றை விட்டுவிட வேண்டும் என்பதை அறிவோம்.

தில்லியிலும் போபாலிலும் நாக்பூரிலும் வாழும் பிள்ளைகளுக்குக் கடல் தொலைவில் இருக்கிறது. நெடுந்தொலைவு தொடர்வண்டியில் பயணம் செய்து ஊர் சேர்ந்ததும், “கடற்கரைக்கு எப்போது போவோம், தாத்தா?” என்று கேட்காத பிள்ளை அரிது. கரையை அடைந்ததும் அலையில் கால் நனைக்கிறோம், சுண்டல் வாங்கித் தின்கிறோம், இருட்டியதும் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கூட்டம் வருவதற்கு முன், மணல் மிதிபடாமல் இருக்கும் வேளையில், குனிந்த தலையோடு மெல்ல நடந்து பாருங்கள்.

எங்கே தேடுவது? இரவில் அலை எட்டிய எல்லையில் பாசி, குச்சி, நுரை ஆகியன ஒரு நீண்ட கோடாகக் கிடக்கும். கடல் தான் சுமந்து வந்ததை அங்கேதான் இறக்கி வைக்கிறது. முழுநிலவு நாளிலும் அமாவாசையிலும் கடல் வழக்கத்தைவிட மிகுதியாக ஏறும். மிகுதியாக இறங்கவும் செய்யும். முழுநிலவு நாளை வெள்ளுவா என்றும் அமாவாசையைக் காருவா என்றும் பழந்தமிழர் அழைத்தனர். அந்நாள்களில் கடல் இறங்கிய வேளையில் ஈரமணல் அகலமாகத் தென்படும். அதுவே கிளிஞ்சல் பொறுக்க நல்ல நேரம்.

கையில் கிடைப்பதையெல்லாம் ‘ஷெல்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கரையில் வாழ்வோர் அவ்வாறு சொல்வதில்லை. இரண்டு ஓடுகள் ஒரு கீலால் இணைந்திருப்பவற்றைக் கிளிஞ்சல், மட்டி, சிப்பி என வேறுபடுத்துவர். ஒரே ஓடு சுருண்டு வளர்ந்தால் சங்கு. வழவழப்பான முதுகும் பற்கள் வரிசையிட்ட வாயும் உடையது சோழி. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றினால் சுண்ணாம்பு கிடைக்கும். நம் முன்னோர் வீட்டுச் சுவரும் அவர்தம் வெற்றிலையும் அதனால் வெளுத்தன, சிவந்தன. சோழியோ பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் வந்தது. மாலத்தீவிலிருந்து கப்பலேறிய சோழி, வங்காளத்தில் நெடுங்காலம் காசாகவே வழங்கியது.

ஓர் ஓட்டைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். அதன் முதுகில் அடுக்கடுக்காக ஓடும் கோடுகள், அவ்வுயிர் சிறிது சிறிதாக வளர்ந்த தடங்கள். விளிம்பு கூராக இருந்தால் அது அண்மையில் கரையேறியது. மழுங்கி வழவழப்பாக இருந்தால் அலையிலும் மணலிலும் நெடுநாள் உருண்டது. சில கிளிஞ்சல்களில் ஊசிகொண்டு துளைத்தாற்போல வட்டமான ஒரு துளை காணப்படும். மாலை கோப்பதற்காக யாரோ துளையிட்டார்கள் என்று எண்ண வேண்டா. மணலுக்குள் ஊர்ந்து திரியும் ஒருவகை நத்தை, தன் அரம் போன்ற நாவால் ஓட்டை அரித்துத் துளைத்து உள்ளிருந்த உயிரை உண்டுவிட்டது. அத்துளை மேலே அகன்றும் உள்ளே குறுகியும் இருப்பதை விரல் நுனியால் தடவி உணரலாம்.

ஓடுகளுக்கிடையே வெண்மையான, நீள்வட்டமான, கனமற்ற ஒரு பொருள் கிடக்கும். நகத்தால் கீறினால் மாவாக உதிரும். அதைக் கடல்நுரை என்பர். உண்மையில் அது நுரை இறுகியதன்று. கணவாய் என்னும் உயிரின் உடலுக்குள் இருந்த ஓடு. சித்த மருத்துவத்தில் அது ஒரு மருந்துப் பொருள். முறுக்கிய ஆட்டுக்கொம்பு போன்ற, தோல் நிறமுடைய ஒன்று கிடைத்தால் நீங்கள் பேறுபெற்றவர். அது சங்கு இட்ட முட்டைக்கூடு. அதற்கு நம் மீனவர் இட்ட பெயர் சங்குப்பூ. கொடியில் பூக்கும் நீலப்பூவை மட்டுமே அப்பெயரால் அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்கும்.

சங்கைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் வாழும் பிள்ளைகள், அங்கே மணமான பெண்கள் அணியும் வெண்ணிற வளையலைப் பார்த்திருப்பீர்கள். அது சங்கை அறுத்துச் செய்வது. தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கத்துக் கடலில் மூழ்கி எடுத்த சங்குகள் பல தலைமுறைகளாக வங்காளத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆக, உங்கள் பக்கத்து வீட்டு அம்மையாரின் கையில் இருப்பது உங்கள் ஊர்க் கடலாகவும் இருக்கலாம்.

சங்கின் சுருள்முனையை மேலே வைத்து, வாய் உங்களை நோக்கியிருக்குமாறு பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் வாய் அமைந்த சங்கு மிக மிக அரிது. சுருள்முனையைக் கீழாகத் திருப்பினால் அந்த வாய் வலப்பக்கம் வந்துவிடும், அதுவே வலம்புரி. கடைகளில் வலம்புரி என்று விற்பவற்றுள், இயல்பாகவே அப்படி வளரும் அமெரிக்கக் கடலோரச் சங்கு ஒன்றும் கலந்துவிடுகிறது. விலை கேட்குமுன் இதை நினைவில் கொள்க.

எல்லா ஓடும் வெற்று ஓடல்ல. எடுத்தவுடன் பையில் போடாமல் மணலில் வைத்துச் சிறிது பொறுங்கள். ஓடு தானாக நடந்தால் உள்ளே துறவி நண்டு இருக்கிறது. அதன் பின்னுடல் மென்மையானது. காலி ஓட்டுக்குள் புகுந்தே உயிர் வாழும். வளர வளரப் பெரிய ஓடு தேடும். கரையில் நல்ல ஓடுகளை நாம் அள்ளிவிட்டால் அது வீடின்றித் தவிக்கும். கூம்பு வடிவச் சங்கு உயிருடன் இருந்தால் தொடவே கூடாது. அதற்கு நஞ்சூசி உண்டு, சில வகைகளின் நஞ்சு மனிதரைக் கொல்லவும் வல்லது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001ஆம் ஆண்டு சில சங்குகளும் பெருங்கிளிஞ்சல்களும் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுத்தல் ஆகாது. சுற்றுலா ஊர்களின் கடைகளில் பளபளக்கும் பெருஞ்சங்குகள் பெரும்பாலும் கரையொதுங்கியவை அல்ல, உயிரோடு பிடிக்கப்பட்டவை. அவற்றை வாங்குவதைவிட, உடைந்த ஒரு கிளிஞ்சலை நீங்களே கண்டெடுப்பது மேல் என்பது என் எண்ணம்.

கிளிஞ்சல் பொறுக்க முதலில் மணல் வேண்டும். அந்த மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சிறிது தெற்கே திருப்புகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆறு போல மணல் கரையோரமாக ஓடிக்கொண்டேயிருக்கிறது. அதன் குறுக்கே கல் அடுக்கினால் என்ன ஆகும்? சென்னைக்குச் செல்வோர் நேரில் பார்க்கலாம். அங்கே துறைமுகத்துக்கு 1875ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு முன் புனித ஜார்ஜ் கோட்டைக்கு மிக அருகிலேயே அலையடித்தது. துறைமுகச் சுவர் மணலைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய அகன்ற மெரினா உருவாயிற்று. வடக்கே இராயபுரம், காசிமேடு பக்கம் வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் அழிந்தன. இன்று அங்கே பெரும்பாறைகளைக் கொட்டி அணை கட்டியிருக்கிறார்கள். ஒரே ஊர், ஒரே கடல். தெற்கே பிள்ளைகள் மணலில் சிற்றில் கட்டுகிறார்கள். வடக்கே பிள்ளைகள் பாறைமேல் நின்று கடலைப் பார்க்கிறார்கள். மெரினாவின் அழகைப் பேசுவோர் இராயபுரத்தைப் பேச மறந்துவிடுகிறார்கள்.

புதுச்சேரியிலும் இவ்வாறே துறைமுகம் அமைந்தபின் நகரின் மணற்கரை கரைந்து, கருங்கற்களே எஞ்சின. பின்னர் 2018ஆம் ஆண்டு கடலடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய இரும்புத் தடுப்பை இறக்கினர். அலையின் வேகம் தணிந்தது. ஒரு பகுதியில் மணல் திரும்பி வந்து சேர்ந்தது. மணலோடு கிளிஞ்சலும் வந்தது.

திரும்பி வாராத கரைகளும் உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் மறைந்துவிட்டன. சுண்ணாம்புக்காகச் சுற்றியிருந்த பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததால் அலையைத் தடுக்க அரண் இல்லாமற் போயிற்று.

கடல் விலகிச் சென்ற இடமும் உண்டு. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல் அங்கே நிலத்தை அகழ்ந்து பார்த்தார். மண்ணுக்கடியில் கடற்சிப்பிகள் கிடைத்தன. கடல் அங்கே இருந்தது என்பதற்கு அந்தச் சிப்பிகள் சான்றாயின.

உங்கள் பையிலும் ஒரு கிளிஞ்சல் இருக்கட்டும். ஒன்று போதும். அதை எடுத்த இடத்தையும் நாளையும் ஒரு சிறு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். அங்கிருந்து நீர்விளிம்பு எத்தனை அடி தொலைவில் இருந்தது என்பதையும் காலால் அளந்து குறியுங்கள். அடுத்த விடுமுறையில் அதே இடத்துக்குப் போய் மீண்டும் அளக்கலாம்.

சொற்பொருள்

கீல் – இரண்டு பகுதிகளை இணைத்து அசையச் செய்வது
நீற்றுதல் – சுட்டுப் பொடியாக்குதல்
அரண் – பாதுகாப்பு
சிற்றில் – சிறுவர் மணலில் கட்டும் சிறுவீடு
வண்டல் – ஆற்றுநீர் கொண்டுவந்து சேர்க்கும் மண்

பயிற்சி

1. கிளிஞ்சலில் காணப்படும் வட்டத்துளை எவ்வாறு உண்டாகிறது?
2. மெரினா அகன்றதற்கும் இராயபுரக் கரை அழிந்ததற்கும் காரணம் ஒன்றே. விளக்குக.
3. பிரித்து எழுதுக: வெள்ளுவா, கடற்சிப்பி, முட்டைக்கூடு.
4. உங்கள் தாத்தா, பாட்டி அல்லது ஊரிலுள்ள பெரியவர் ஒருவரிடம், அவர் சிறுவயதில் கண்ட கடற்கரை, ஆற்றங்கரை அல்லது குளக்கரை இன்று எவ்வாறு மாறியுள்ளது என்று தொலைபேசியில் கேட்டு, அவர் கூறியதைப் பத்து வரிகளில் எழுதுக.