வினா ஆறும் விடை எட்டும்: பழங்காசு திரட்டுவோர்க்கு ஓர் ஒழுகலாறு

முன்னுரை

வினாவும் விடையும் வகுப்பறையோடு முடிந்துவிடுவன அல்ல. தொழில் வேறாயினும் விருப்பத்தால் ஒன்றுபட்டோர் கூடுமிடமெல்லாம் கேட்டலும் சொல்லலும் நிகழ்கின்றன. செடி வளர்ப்போர், அஞ்சல்தலை சேர்ப்போர், பறவை நோக்குவோர், பழங்காசு திரட்டுவோர் எனப் பல திறத்தாரும் தம்முள் அறிவுரை கேட்டும் வழங்கியும் வருகின்றனர். இவருள் பழங்காசு திரட்டுவோரை மட்டும் எடுத்துக்கொண்டு, கேட்போர்க்கும் சொல்வோர்க்கும் உரிய நெறி யாது என நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு நம் இலக்கணமே அளவுகோலாக அமைகின்றது.

ஒரு நிகழ்ச்சி

எம் மாணவி ஒருவர் தம் நன்னியின் பெட்டியில் இருந்த வெள்ளிக்காசு ஒன்றை எம்மிடம் கொணர்ந்தார். அதன் இருபுறமும் பாரசீக எழுத்துகள் இருந்தன. முன்னரே அவர் அதனைக் காசு திரட்டுவோர் கூட்டம் ஒன்றிற்குக் கொண்டுசென்று, "இது என்ன விலை போகும்?" என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்த ஒருவர் காசைக் கையில் வாங்கிப் பாராமலே, "கறுத்துக் கிடக்கிறதே, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கொண்டு வாம்மா" என்று கூறியிருக்கிறார். மாணவியும் அவ்வாறே செய்தார். கருமை நீங்கியது. அதனோடு எழுத்துகளின் விளிம்பும், இடையே இருந்த சிறு குறி ஒன்றும் மழுங்கிப் போயின.

பழைய வெள்ளியின்மேல் காலம் படியவைக்கும் கருமை வெறும் அழுக்கன்று. அதனைச் சுரண்டினால் அடியிலுள்ள வெள்ளியும் உடன் தேய்கின்றது. அதனாலேயே, தேய்த்து மெருகேற்றிய காசை நாணயம் அறிந்தோர் விரும்புவதில்லை. இந்நிகழ்ச்சியில் பிழை கேட்டவருடையதா, சொன்னவருடையதா? இருவர்க்கும் அதில் பங்குண்டு என்பதே எம் கருத்து. எனினும் சொன்னவர் பங்கே பெரிது.

கேட்போர் கடன்

பவணந்தி முனிவர் தம் நன்னூலில் வினாவை ஆறாக வகுத்தார். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. மதிப்பெண் கருதி நாம் மனப்பாடம் செய்த இப்பகுப்பு வாழ்க்கைக்கும் பயன்படுவதாகும். கேட்கப் புகுவோர் தம் வினா எவ்வகையது என்பதை முதலில் தாமே தெளிதல் வேண்டும்.

"இஃது என்ன காசு?" என்பது அறியா வினா. "இது சென்னையில் அடித்ததோ, புதுச்சேரியில் அடித்ததோ?" என்பது ஐய வினா. ஐயம் எழுப்புவோர் தாமும் சிறிது முயன்றவர். ஆதலின் அவர்க்கு விடை கூறுவோர் விருப்பத்தோடு முன்வருவர். விடை அறிந்தே கேட்கும் அறிவினா ஆசிரியர்க்கு உரியது; கூட்டத்தில் மூத்தோரைச் சோதித்துப் பார்க்க அதனைத் தொடுத்தல் பண்பாகாது. காசை மலிவாக வாங்கிவிடும் எண்ணத்தை உள்ளே வைத்துக்கொண்டு, ஏதும் அறியாதார் போலக் கேட்பது அதனினும் தீது. அது கொளல் வினாவுக்கு அறியா வினாவின் ஆடையை உடுத்துவதாகும்.

வினாவோடு தரவும் வேண்டும். காசின் இருபுறத் தோற்றம், எடை, விட்டம், உலோகம், அது கைக்கு வந்த வழி, முன்னர் வேறு எவரிடமேனும் கேட்டிருப்பின் அவர் கூறிய விடை ஆகியவற்றைக் கேட்போரே முன்வந்து கூறுதல் முறை. எடையை மட்டும் எண்ணிப் பார்ப்போம். 1835இல் கிழக்கிந்தியக் கும்பினி தன் ஆட்சிப்பகுதி முழுமைக்கும் பொதுவாக வெளியிட்ட ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அவ்வகை ரூபாய் என்று காட்டப்படும் காசு ஒன்பது கிராமே இருக்குமாயின், எழுத்தைப் படிக்கும் முன்னரே ஐயம் தோன்றிவிடும். எடை கூறாமல் விலை கேட்பது நாடி காட்டாமல் மருந்து கேட்பது போலாம்.

சொல்வோர் கடன்

விடையை நன்னூலார் எட்டாக வகுத்தார். சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன அவை. இவற்றுள் இரண்டினை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

"தேய்க்கலாமா?" என்று ஒருவர் கேட்டால், "எழுத்து மழுங்கும்" என்பது உறுவது கூறல். செய்யச் சொல்வதைவிட, செய்தால் நேர்வது இன்னதென உணர்த்துவதே அறிவுரையின் உயிர். மாணவிக்கு விடையிறுத்தவர் ஏவினாரேயன்றி உறுவதைக் கூறினாரல்லர். மற்றொன்று வினா எதிர் வினாதல். இலக்கணத்தில் அது குறிப்பால் விடையுணர்த்துவது. ஈண்டு அதனைச் சற்று விரித்துக் கொள்கிறோம். "எடை என்ன? மறுபுறம் எவ்வாறு உள்ளது?" எனத் திருப்பிக் கேட்பது கேட்டவரைத் தட்டிக்கழிப்பதன்று, தரவு இன்றி விடை கூற அஞ்சும் பொறுப்புணர்ச்சியே ஆகும்.

இக்கடனில் யாமும் தவறினோம். அக்காசில் எஞ்சிய எழுத்துகளுள் மூன்று செய்திகள் தெளிவாக இருந்தன. மொகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயர், ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டு, ஆர்க்காடு என்னும் அக்கசாலைப் பெயர் என்பன அவை. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாள்களைக் கொண்டது. ஆதலின் 622ஐக் கூட்டி 1794 எனக் கொள்வது பிழை. முறைப்படி கணக்கிட்டு, "1758-59இல், ஆலம்கீர் காலத்தில், ஆர்க்காட்டில் அடித்தது" என்று பெருமிதத்தோடு கூறினோம்.

பாரசீகம் பயின்ற ஊர்ப் பெரியவர் ஒருவர் காசை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "படித்ததெல்லாம் சரிதான் தம்பி. ஆனால் முடிவை இப்படி அடித்துச் சொல்லக்கூடாது" என்றார். ஆர்க்காட்டு ரூபாய்க்குச் சந்தையில் இருந்த செல்வாக்கினால், ஆங்கிலக் கும்பினியார் அதே மன்னர் பெயரையும் ஆண்டையும் ஊரையும் மாற்றாமல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னையில் ரூபாய் அடித்தனர் என்பதை அவர் விளக்கினார். ஆலம்கீரோ 1759லேயே மறைந்தவர். கும்பினியின் காசில் தாமரைக் குறி இருக்கும். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அடித்த ஆர்க்காட்டு ரூபாயில் பிறைக் குறி இருக்கும். கும்பினியின் காசாயின், யாம் படித்த மூன்றும் மெய். கண்ட முடிவு மூன்றும் பொய்! தீர்ப்புக் கூறவேண்டிய அச்சிறு குறியோ புளியிலும் சாம்பலிலும் கரைந்துவிட்டது. இறுதியில் பெரியவர், "குறி இல்லாமல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது" என்று காசைத் திருப்பித் தந்தார்.

அன்று யாம் கற்றவை இரண்டு. கண்டது இது, கருதுவது இது என்று பிரித்துச் சொல்லல் ஒன்று. அறியாவிடத்து அறியேன் எனல் மற்றொன்று.

விலையும் சட்டமும்

விலை பற்றிய வினாவில் ஏமாற்றம் மிகுதி. இராமர், அனுமன் உருவங்களோடு 1818 என்னும் ஆண்டும் கும்பினியின் பெயரும் பொறித்த காசுகள் பலர் கைகளில் உலவுகின்றன. கும்பினி அத்தகைய காசுகளை வெளியிட்டதில்லை. அவை இலட்சக்கணக்கில் விலைபோகும் என நம்பி முன்பணம் கட்டி இழந்தோர் உண்டு. பழைய நாணயங்களையும் தாள்களையும் விற்றுத் தருவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் தரகும் கேட்போரை நம்பவேண்டா என இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. எனவே, ஆசையூட்டும் விடையினும் "இது போலி" என்னும் கசப்பான விடையே கேட்டவர்க்கு நன்மையாகும். அதனைத் தனியே அழைத்துச் சொல்வது பண்பு.

சட்டம் அறிந்து சொல்வதும் கடனே. மண்ணில் புதைந்து கிடந்து கிடைக்கும் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள் ஆகும். தனியார் அதனை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. இவற்றை மறைத்து வழி சொல்வோர், கேட்டவரைக் குற்றத்தில் தள்ளுவோராவர்.

பெயர் சுட்டிப் பகிர்தல்

பெற்ற அறிவைத் தமதாக்கிக் கொள்ளாமை மற்றொரு நெறி. கல்கத்தா நாணயச்சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் பிராமி எழுத்தைப் படித்தறிந்தார். பல ஊர்களிலிருந்தும் அன்பர்கள் அவருக்கு நாணயங்களை அனுப்பினர். காபூலில் இருந்த சையித் கராமத் அலி திரட்டிய காசுகளைப் பற்றி எழுதுமிடத்து, அவர் பெயரைப் பிரின்செப் சுட்டினார். சார்லஸ் மேசன் எழுதியனுப்பிய குறிப்புகள் வங்காள ஆசியக் கழக இதழில் மேசன் பெயராலேயே வெளிவந்தன. பேரறிஞர்க்கே பெயர் சுட்டும் கடன் இருந்ததாயின், நமக்கு அது மிகுதியும் உண்டன்றோ?

முடிவுரை

ஆசானிடம் கேட்பதால் கல்வியில் கால்பங்கே நிரம்பும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது நன்னூலார் கருத்து. ஒத்த விருப்பினர் கூடும் கூட்டங்களின் பயனை இதனினும் சுருக்கமாகச் சொல்லல் அரிது. ஆனால் அவ்வரைப்பங்கு பொறுப்போடு சொல்வார்க்கே உரியது. நம்பி நீட்டப்பட்ட காசும் நம்பிக் கேட்கப்பட்ட வினாவும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆகும்.

அம்மாணவியின் காசு சென்னையதோ, ஆர்க்காட்டதோ இன்னும் தெளிவாகவில்லை. இனித் தெளியும் என்ற நம்பிக்கையும் எமக்கு இல்லை. ஆயினும் அவர் அக்கூட்டத்திற்குச் செல்வதை விட்டாரல்லர். புதிதாகக் காசு கொண்டுவருவோர் எவரைக் கண்டாலும் அவர் முதலில் சொல்வது, "தேய்த்துவிடாதீர்கள்" என்பதே.