வெள்ளைக் கிறீம்: தாய்மார் கேட்கும் கேள்விகள்

மேலைநாடுகளில் வெள்ளைத் தோலர் பணங்கொடுத்து மின்விளக்குப் படுக்கையிற் கிடந்து தோலைக் கறுப்பிக்கின்றனர். அக்கதிர்கள் புற்றுநோயை உண்டாக்குவன என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2009இல் அறிவித்தது. நம்மவரோ எதிர்த்திசையில் ஓடுகிறோம். இரணைமடு வாய்க்காலோரம் களை பிடுங்கிக் கறுத்த பிள்ளைக்குக் கலியாணம் பேசத் தொடங்கியதும், வீட்டுக்கு ஒரு கிறீம் டப்பி வந்துவிடுகிறது. இனிமைமிகு பாடலின் மணமகளும் தோட்டக் காவலில் வெயில் பட்டுக் கறுத்தவள்தான். அவளை யாரும் வெளுப்பித்துக் கட்டிக்கொடுக்கவில்லை!

“இரண்டு கிழமையில் வெளுக்கிறதே, அதில் என்ன இருக்கிறது?” என்று கேட்கிறீர்கள். இத்தகைய மலிவுக் கிறீம்கள் பலவற்றில் பாதரசம் இருப்பது பரிசோதனைகளில் தெரியவந்துள்ளது. இலங்கைச் சந்தையிலும் அகப்பட்டுள்ளது. தோலுக்கு நிறந்தரும் மெலனின் உண்டாவதை அது தடுக்கிறது. அத்தோடு நில்லாமல், தோல் வழியே இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கைநடுக்கம், நித்திரையின்மை, ஞாபகக் குறைவும் வரலாம். காரணம் முற்றாகத் தெளிவாகாத சிறுநீரக நோயால் வவுனியா, முல்லைத்தீவுக் கமக்காரக் குடும்பங்கள் ஏற்கனவே வாடுகின்றன. இந்நிலையில் காசுகொடுத்து இன்னொரு நஞ்சை வாங்கவேண்டுமா?

“பூசுபவளுக்குத்தானே கேடு?” அப்படியல்ல. பாதரசம் ஆவியாகும், துவாயிலும் தலையணையிலும் ஒட்டும். மடியிலிருக்கும் குழந்தைக்கும், வயிற்றிலுள்ள சிசுவுக்கும் போய்ச்சேரும்.

“கடையில் வெளிப்படையாக விற்கிறார்களே?” விற்பதெல்லாம் அனுமதி பெற்றதல்ல. இலங்கை 2017இல் ஏற்ற மினமாட்டா உடன்படிக்கையின்படி, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசமுள்ள அழகுப்பொருட்களின் உற்பத்தியும் இறக்குமதியும் 2020உடன் நிற்கவேண்டும். 2023இல் நாடுகள் கூடி அவ்வரம்பையும் நீக்கி, பாதரசம் சேர்த்த அழகுப்பொருள் யாவற்றையும் 2025க்குள் ஒழிக்க முடிவெடுத்தன. ஆகவே டப்பியைத் திருப்பிப் பாருங்கள். உற்பத்தியாளர் விலாசமும் சேர்மானமும் இல்லையா? ‘கலோமெல்’ என்றிருக்கிறதா? தங்க, வெள்ளி நகையிற் படக்கூடாதென்று எழுதியிருக்கிறதா? வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து மாமி அனுப்பியதானாலும் இதே சோதனைதான்.

வேறு சிலவற்றில் ஸ்டெரொயிட் மருந்து கலந்திருக்கும். அதனால் தோல் மெலிந்து, பரு கிளம்பி, முகத்தில் மயிர் வளரும். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியலாம். அதற்குப் பயந்து மறுபடி பூசவேண்டாம். டப்பியையும் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். அடுப்பிலோ குப்பையோடோ எரிக்காதீர்கள். பாதரசப் புகை வீட்டாரையே சுற்றும்.