இரண்டு வித்தை, ஒரே ஆள்: மல்டிகிளாஸ் மந்திரவாதியை உருவாக்குகிறவர்களுக்கு

கடமட்டத்துக் கத்தனார் தேவாலயப் பாதிரியார். காட்டில் மலை அரையர்களிடம் சிக்கி, அவர்கள் தலைவனிடமே மந்திரவாதம் கற்றுத் திரும்பியவர். பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட வழியில் ஆட்களைக் கொன்றுவந்த யட்சியை அவர் அடக்கியதாகக் கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதிஹ்யமாலை' சொல்கிறது. மக்கள் வாய்மொழியில் அந்த யட்சி கள்ளியங்காட்டு நீலி. நாகர்கோவிலுக்குப் பக்கத்துக் கள்ளியங்காடுதான் அவள் இடம்.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுகிறவர்களுக்குக் கத்தனார் யாரென்று உடனே பிடிபடும்: கிளெரிக்கும் விசார்டும் சேர்ந்த மல்டிகிளாஸ். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட முதல் விதிப்புத்தகத்திலேயே எல்ஃப் இனத்தார் வாளையும் மந்திரத்தையும் மாறிமாறிக் கையாளலாம் என்றிருந்தது. அந்த ஆசை இன்றும் குறையவில்லை. ஆனால் இரண்டு மந்திர கிளாஸ்களைச் சேர்த்துவிட்டு, ஐந்தாம் லெவலில் எதுவும் உருப்படியாகச் செய்ய முடியாமல் திணறும் பாத்திரங்கள்தான் அதிகம். கத்தனாரிடம் இரண்டு வித்தையும் ஒரே வேலைக்குப் பயன்பட்டன. உங்கள் பாத்திரத்துக்கும் அதுதான் அளவுகோல். கீழே உள்ளவை 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை ஒட்டியவை. 2024 திருத்தத்தில் மாறியவற்றை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

செய்ய வேண்டியவை

1. முதலில் வேலையை முடிவுசெய்யுங்கள். "என் ஆள் சண்டையில் என்ன செய்வான்?" என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். "முன்வரிசையில் நிற்பவர்களைக் காப்பான், தேவைப்பட்டால் தூரத்திலிருந்து அடிப்பான்" என்று எழுத முடிந்தால், அடிப்பதற்கு விசார்ட், காப்பதற்கு ஒரு லெவல் கிளெரிக் என்று கிளாஸ் தானாக அமையும். அந்த வரி எழுத வராவிட்டால் ஒரே கிளாஸில் தொடருங்கள்.

2. 13 இருக்கிறதா என்று பாருங்கள். மல்டிகிளாஸ் செய்ய, இருக்கும் கிளாஸுக்கும் புதிய கிளாஸுக்கும் உரிய திறன்கள் 13-க்குக் குறையக்கூடாது. விசார்டுக்கு இன்டெலிஜன்ஸ், கிளெரிக், டுரூயிட் இருவருக்கும் விஸ்டம், பார்ட், சார்சரர், வார்லாக் மூவருக்கும் கரிஸ்மா. பாலடினுக்கு ஸ்ட்ரெங்த், கரிஸ்மா இரண்டும் வேண்டும். 15, 14, 13, 12, 10, 8 என்ற வழக்கமான எண்வரிசையில் கத்தனாரை உருவாக்கினால் 15 இன்டெலிஜன்ஸுக்கும் 13 விஸ்டமுக்கும் போகும். 14-ஐக் கான்ஸ்டிட்யூஷனில் போடுங்கள். அடி வாங்கும்போது மந்திரம் கலையாமல் காப்பது அதுதான்.

3. ஸ்லாட் கணக்கையும் மந்திரக் கணக்கையும் தனித்தனியே எழுதுங்கள். பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். விசார்ட் 3, கிளெரிக் 2 என்று வைத்துக்கொள்வோம். ஸ்லாட்டுக்கு லெவல்களைக் கூட்ட வேண்டும். ஆக ஐந்தாம் லெவல். முதல் நிலையில் 4, இரண்டாம் நிலையில் 3, மூன்றாம் நிலையில் 2 ஸ்லாட் கிடைக்கும். மந்திரங்களுக்குக் கூட்டல் கிடையாது. மூன்றாம் லெவல் விசார்டுக்கு இரண்டாம் நிலை மந்திரம் வரை, இரண்டாம் லெவல் கிளெரிக்குக்கு முதல் நிலை மந்திரம் மட்டும். கையில் மூன்றாம் நிலை ஸ்லாட் இருந்தும் 'ஃபயர்பால்' எறிய முடியாது. அதே மேசையில் ஐந்து லெவலும் விசார்டாகவே வந்தவர் எட்டு ஆறுமுகப் பகடையை உருட்டிக்கொண்டிருப்பார்.

4. உயர்ந்த ஸ்லாட்டில் வளரும் மந்திரங்களைத் தேர்ந்தெடுங்கள். அந்த மூன்றாம் நிலை ஸ்லாட் வீணாகாமல் இருக்க இதுவே வழி. 'மேஜிக் மிசைல்' முதல் நிலையில் மூன்று அம்பு, மூன்றாம் நிலை ஸ்லாட்டில் ஐந்து. 'க்யூர் வூண்ட்ஸ்' 2014 விதிப்படி ஒரு எட்டுமுகப் பகடையிலிருந்து மூன்றாகும்.

5. இரண்டாவது கிளாஸிலிருந்து, எதிரியின் சேவிங் த்ரோவை நம்பாத மந்திரங்களை எடுங்கள். விஸ்டம் 13 உள்ளவர் கிளெரிக் மந்திரத்தால் தாக்கினால் எதிரி எளிதில் தப்பிவிடுவான். 'பிளெஸ்' அப்படி அல்ல. கூட்டாளிகள் மூவரின் தாக்குதலுக்கும் சேவிங் த்ரோவுக்கும் ஒரு நான்குமுகப் பகடையைக் கூட்டும். போடுகிறவரின் விஸ்டம் எவ்வளவு என்ற கேள்வியே எழாது. 'ஷீல்ட் ஆஃப் ஃபெயித்' மந்திரமும் அப்படித்தான்.

6. இரண்டாவது வித்தைக்குக் கதையில் ஒரு குருவை வையுங்கள். கத்தனாருக்கு மலை அரையர் தலைவன் இருந்தான். குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களைப் பாருங்கள். பன்னிரண்டு படுவர்மம், தொண்ணூற்றாறு தொடுவர்மம் என்று 108 இடங்களைச் சொல்லிக்கொடுப்பவர்கள், அடித்தால் என்ன ஆகும், விழுந்தவனை எழுப்ப என்ன செய்ய வேண்டும் இரண்டையும் சேர்த்தே கற்பிப்பார்கள். அடிமுறையும் வைத்தியமும் ஒருவரிடமே இருப்பதற்கு அங்கே காரணம் உண்டு. உங்கள் பாத்திரத்துக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், பதிலுக்கு என்ன கேட்டார்கள்? இதற்கு விடை இருந்தால் ஆட்டத்தை நடத்தும் டி.எம். அதிலிருந்தே அடுத்த கதையைத் தொடங்குவார்.

7. டி.எம்.மிடம் முன்கூட்டியே பேசுங்கள். 2014 புத்தகத்தில் மல்டிகிளாஸ் விருப்ப விதிதான். அனுமதி உண்டா, 2024 திருத்தத்தைப் பின்பற்றுகிறோமா என்று கேளுங்கள். பாலடின், ரேஞ்சர் லெவல்களை ஸ்லாட்டுக்காகப் பாதியாக்கும்போது பழைய விதி கீழே முழுமையாக்கும், புதிய விதி மேலே முழுமையாக்கும்.

செய்யக்கூடாதவை

1. இரண்டையும் சரிபாதியாக வளர்க்காதீர்கள். பத்தாம் லெவலில் ஐந்தும் ஐந்துமாக நிற்பவரிடம் மூன்றாம் நிலையைத் தாண்டிய மந்திரம் ஒன்றும் இருக்காது. ஒன்பதும் ஒன்றுமாக வந்தவர் ஐந்தாம் நிலை மந்திரம் போடுவார். ஒன்று முதன்மை, மற்றது துணை.

2. மூன்றாம் லெவலில் கிளாஸை நிறுத்திவிட்டு ஓடாதீர்கள். திறன் எண்ணை உயர்த்தும் வாய்ப்பு அந்தந்த கிளாஸின் நான்காம் லெவலில்தான் வரும். மொத்த லெவலுக்கு அது கிடையாது. மூன்றும் மூன்றுமாக ஆறாம் லெவலில் இருப்பவர் அதை ஒருமுறைகூடப் பெற்றிருக்க மாட்டார்.

3. வார்லாக் ஸ்லாட்டை மற்றவற்றோடு கூட்டாதீர்கள். அது தனிக் கணக்கு. ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்டிலேயே திரும்பிவிடும். மற்ற கிளாஸின் மந்திரத்துக்கும் அதைச் செலவிடலாம். ஆனால் மல்டிகிளாஸ் அட்டவணையில் வார்லாக் லெவல் சேராது.

4. கான்சன்ட்ரேஷன் மந்திரங்களாகவே குவிக்காதீர்கள். கிளாஸ் இரண்டானாலும் கான்சன்ட்ரேஷன் ஒன்றுதான். 'பிளெஸ்' ஓடும்போது 'வெப்' போட்டால் 'பிளெஸ்' போய்விடும். அடிபட்டால் 10 அல்லது பட்ட சேதத்தில் பாதி, இதில் எது பெரிதோ அதைக் கான்ஸ்டிட்யூஷன் சேவில் எட்ட வேண்டும்.

5. கூட்டாளியின் இடத்தைப் பிடுங்காதீர்கள். குழுவில் ஏற்கெனவே ஒருவர் கிளெரிக்காக இருந்தால், அவர் குணப்படுத்தும் முன் நீங்கள் கைநீட்ட வேண்டாம். அவர் இல்லாத பக்கம் நில்லுங்கள். மேசையில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பது நால்வரும் விளையாடத்தான்.

6. விதியின் ஓட்டையைக் கொண்டு பாத்திரம் கட்டாதீர்கள். வார்லாக் ஸ்லாட்டுகளைச் சார்சரர் புள்ளிகளாக மாற்றி, தூங்காமல் ஷார்ட் ரெஸ்டாக எடுத்து ஸ்லாட்டைப் பெருக்கும் 'காஃபிலாக்' தந்திரம் பிரபலம். மற்றவர்கள் ஒவ்வொரு ஸ்லாட்டையும் எண்ணி எண்ணிச் செலவிடும்போது ஒருவருக்கு மட்டும் தீராத கையிருப்பு இருந்தால் ஆட்டத்தில் ஆபத்து என்ற ஒன்றே இல்லாமல் போகும்.

7. ஊர்த் தெய்வத்தைச் சக்திக்காக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு லெவல் கிளெரிக் எடுத்து, தெய்வத்தின் பெயர் என்ற இடத்தில் இசக்கி என்று எழுதுவது சுலபம். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்கு இன்றும் மக்கள் நேர்ச்சையோடு வருகிறார்கள். இசக்கியாகக் கும்பிடப்படும் நீலியின் கதையில் அவள் நம்பியவனால் நகைக்காகக் கொல்லப்பட்ட பெண்; பழிதீர்க்கத் திரும்பிப் பிறந்தவள். அவளைக் கும்பிடுகிற கிளெரிக், ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கு முன்னால் வரும்போது ஒதுங்கிப் போகக்கூடாது. எதிரியாக வைத்தாலும் அந்த நியாயத்தோடு வையுங்கள். கொன்று புள்ளி வாங்குகிற மான்ஸ்டராக்கிவிடாதீர்கள்.

லெவல் ஏறும் முன்

அடுத்த லெவல் ஏறுவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் முதன்மை கிளாஸிலேயே தொடர்ந்தால் கிடைப்பவை. வலப்பக்கம் மாறினால் கிடைப்பவை, தள்ளிப்போகிறவை. முதலில் எழுதிய அந்த ஒற்றை வரிக்கு வலப்பக்கம் கூடுதலாக உதவினால் மாறுங்கள். இல்லையென்றால் இந்த லெவலை முதன்மை கிளாஸுக்கே கொடுங்கள். அடுத்த லெவலில் இதே தாளை மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.