வீட்டுத்தோட்டத்து உபரிக் காய்களை வருடம் முழுக்கச் சேமிக்க: முழுமையான வழிகாட்டி

வீட்டுத்தோட்டம் காய்க்கத் தொடங்கினால் மொத்தமாகக் காய்க்கும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தும் மிஞ்சுவதைக் குளிர்பதனப் பெட்டியில் திணித்தால் ஒரு வாரம் தள்ளலாம். கல்லுப்பும் வெயிலும் இருந்தால் ஒரு வருடமே வைத்துக்கொள்ளலாம்.

தரம் பிரியுங்கள்

பூச்சி அரித்தது, அடிபட்டது எல்லாம் அன்றைய குழம்புக்கு. முற்றியது விதைக்கு. இளசாகவும் கெட்டியாகவும் இருப்பதை மட்டும் வற்றலுக்கு ஒதுக்குங்கள். வாடிய காயில் நல்ல வற்றல் வராது; பறித்த மறுநாளைத் தாண்ட விடாதீர்கள்.

எதை என்ன செய்வது?

கொத்தவரை, கத்தரி, பாகல், சுண்டை, மணத்தக்காளி ஆகியவை வற்றலுக்கு ஏற்றவை. மா, எலுமிச்சை, நார்த்தை ஊறுகாய்க்கு. சின்ன வெங்காயம் வடகத்துக்கு. முருங்கைக்கீரையையும் கறிவேப்பிலையையும் நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் பச்சை நிறமும் மணமும் போய்விடும்.

முதல் முயற்சி: கொத்தவரங்காய் வற்றல்

புதியவர்கள் இதில் தொடங்குங்கள். காம்பும் நுனியும் கிள்ளி, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் நான்கைந்து நிமிடம் விட்டு வடியுங்கள். குழையக் கூடாது. பழைய வேட்டியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள் காய வையுங்கள். பனி இறங்குமுன் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். ஒரு கிலோ காயில் கால் கிலோ வற்றல் தேறுவதே அரிது.

மோர் மிளகாய்

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அரை கிலோ பச்சை மிளகாயைக் காம்போடு கழுவித் துடைத்து, நுனியில் லேசாகக் கீறுங்கள். அரை லிட்டர் புளித்த தயிரைக் கடைந்து, 100 கிராம் கல்லுப்பைக் கரைத்து, அதில் மிளகாயை இரண்டு இரவு ஊறவிடுங்கள். பீங்கான் ஜாடிதான் நல்லது, அலுமினியம் வேண்டாம். மூன்றாம் நாள் காலையில் மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் பரப்பி, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போடுங்கள். மோர் முழுக்க உள்ளே இழுக்கும்வரை தினமும் இப்படித்தான். அவசரப்பட்டு மோரைக் கொட்டிவிட்டால் காரம் மட்டுமே மிஞ்சும், புளிப்பு ஏறாது. பிறகு வெளுத்து, குலுக்கினால் விதை சலசலக்கும்வரை காய வேண்டும்.

காய்ந்ததா?

ஒடித்தால் வளையாமல் முறிய வேண்டும். ஆறியபின் கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி ஒரு வாரம் கவனியுங்கள். உள்பக்கம் வேர்த்தால் மறுபடி வெயில் காட்டுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் சுரண்டிவிட்டுச் சாப்பிடாமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

தக்காளியும் ஓர் எச்சரிக்கையும்

தக்காளியைப் புளி, உப்பு சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை சுண்ட வதக்கினால் தொக்கு; அதைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஆனால், பீன்ஸ், காரட் போன்ற புளிப்பில்லாத காய்களை வேகவைத்துத் தண்ணீரோடு பாட்டிலில் அடைக்காதீர்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைப்பதும் ஆபத்துதான். காற்றில்லாத இடத்தில் வளரும் ‘கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்’ கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் சாவதில்லை. அதன் நஞ்சு உயிரைப் பறிக்கும். வாடையில் தெரியாமலும் போகலாம்.

எப்போது தொடங்கலாம்?

பங்குனி முதல் வைகாசி வரை வற்றல் காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வற்றல் போடாதீர்கள். அப்போது காய்ப்பதைச் சமைத்தோ கொடுத்தோ தீர்த்துவிடுங்கள்.