முதல் அட்டை முடியும் இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை புனே ராஸ்தா பேட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு நின்று பேசும் நம்மவர் கூட்டத்தில், வருடத்துக்கு நாலு பேராவது புதிதாக ஓய்வுபெற்றவர்கள் வந்து சேருகிறார்கள். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை, பிம்ப்ரி கம்பெனிகள், வங்கிகள், ராணுவக் கணக்கு அலுவலகம் என்று வந்த இடம் வேறு வேறு. கேள்வி மட்டும் ஒன்றுதான். “சார், மெடிக்ளைம் எது நல்லது? மேலே ஒண்ணு எடுத்து வைக்கலாமா?”

நான் பொதுத்துறை வங்கியில் இருந்து 2013-இல் ஓய்வு பெற்றவன். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருடமாக என் ஃபைலையும் பிறத்தியார் ஃபைலையும் புரட்டிப் புரட்டி விரல் தேய்ந்திருக்கிறது. அந்த உரிமையில் சில வார்த்தைகள்.

1. எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள். கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பீரோவைத் திறந்து எல்லா அட்டையையும் சாப்பாட்டு மேசையில் பரப்புங்கள். முன்னாள் ராணுவத்தினருக்கு 2003-இல் தொடங்கிய இ.சி.ஹெச்.எஸ். உண்டு. அதன் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சி.ஜி.ஹெச்.எஸ். உண்டு, புனே அதன் நகரங்களில் ஒன்று. இந்த இரண்டில் ஒன்று கையில் இருப்பவர், மேலே பெரிய பாலிசி ஒன்றைத் தலையில் கட்டிக்கொள்ளும் முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். காத்திருப்பதும் பரிந்துரைக் கடிதத்துக்கு அலைவதும் சலிப்புதான். ஆனால் சலிப்பைத் தீர்க்க வருடம் அறுபதாயிரம் ரூபாய் அதிகம்.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிலாளிகளில் பாதிப் பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. குறைந்தது ஐந்து வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முதிர்வில் ஓய்வு பெற்றவர், வருடம் 120 ரூபாய் கட்டித் தனக்கும் தன் துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். எழுத்துப் பிழை இல்லை, நூற்றிருபது ரூபாய்தான். ஞாயிற்றுக்கிழமை இட்லி பில்லை விடக் குறைவு.

தனியார் கம்பெனியின் குரூப் பாலிசி மட்டும் வைத்திருந்தவருக்கு, விடைபெறும் விழாவில் சால்வை போர்த்திய அன்றோடு பெரும்பாலும் அது முடிந்துவிடும். இவர்தான் அவசரப்பட வேண்டியவர்.

2. அவசரம் என்றால் எப்போது? ஓய்வு பெற்ற பிறகு அல்ல, இன்னும் வேலையில் இருக்கும்போதே. கம்பெனியின் குரூப் பாலிசியில் இருந்து அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. அப்படி மாறினால், பழைய நோய்க்குக் காப்பீடு தொடங்கக் காத்திருந்த வருடங்கள் வீணாகாது. கடைசி நாளுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே ஹெச்.ஆர்.காரரைப் போய்ப் பிடியுங்கள். பிரிவு உபசாரம் முடிந்த பிறகு அவர் உங்கள் போனை எடுக்கமாட்டார்.

வயது தாண்டிவிட்டதே என்று சோர வேண்டாம். 2024 ஏப்ரல் முதல் நுழைவுக்கு உச்ச வயது என்று ஒன்று வைக்கும்படி இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சொல்வதில்லை. அதற்காக எழுபத்தைந்தில் போய் நின்றால் சிவப்புக் கம்பளம் விரிப்பார்கள் என்று அர்த்தமில்லை. எல்லா வயதினருக்கும் பாலிசி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. யாரைச் சேர்ப்பது, என்ன விலை என்பது அவர்கள் கையில்.

3. உண்மையை எழுதுங்கள். விண்ணப்பத்தை நிரப்ப வரும் பையன், “காகா, சுகர் பி.பி.யெல்லாம் எழுதினா பிரீமியம் ஏறிடும், விட்டுடுங்க” என்பான். அவனுக்குக் கமிஷன் இன்று, உங்களுக்கு மாரடைப்பு நாளை. ஏற்கெனவே உள்ள நோய்க்கு இப்போது காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான். முன்பு 48 ஆக இருந்தது. அறுபது மாதம் தொடர்ந்து பாலிசியை ஓட்டிவிட்டால், நோயை மறைத்தீர்கள் என்று காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. வேண்டுமென்றே செய்த மோசடி என்று நிரூபித்தால் மட்டும் அது விலக்கு. மறைத்து ஐந்து வருடம் பயந்துகொண்டிருப்பதை விட, எழுதிவிட்டு மூன்று வருடம் காத்திருப்பது மேல். விண்ணப்பத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதும் அதில் அவன் எழுதியதும் ஒன்றா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பித் தந்துவிடலாம்.

4. இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை மெதுவாகப் படியுங்கள்.

முதல் பாலிசிக்கு மேலே வாங்குவது இரண்டு வகை. ஒன்று டாப்-அப், இன்னொன்று சூப்பர் டாப்-அப். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், பணத்தில் நிறைய. இரண்டிலும் ‘டிடக்டிபிள்’ என்று ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வரை நீங்களோ உங்கள் முதல் பாலிசியோ கட்ட வேண்டும். அதற்கு மேல் அவர்கள் தருவார்கள். டாப்-அப்பில் ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரியில் சேரும்போதும் அந்தக் கோட்டைத் தனியாகத் தாண்ட வேண்டும். சூப்பர் டாப்-அப்பில் வருடத்துச் செலவையெல்லாம் கூட்டித் தாண்டினால் போதும்.

கோடு மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் இரண்டரை லட்சம், ஜூலையில் இரண்டு லட்சம் செலவு. டாப்-அப் வைத்திருப்பவருக்கு ஒரு பைசா வராது. சூப்பர் டாப்-அப்காரருக்கு ஒன்றரை லட்சம் வரும். வயதானவர்கள் ஒரே தடவையில் பெரிதாக விழுவதை விட, வருடத்தில் இரண்டு மூன்று தடவை சின்னதாக விழுகிறவர்கள். ஆகவே நமக்கு சூப்பர் டாப்-அப்தான்.

இது பலருக்கும் தெரியும். அடுத்தது தெரியாது. எனக்கும் பட்டபின்தான் தெரிந்தது.

2015-இல் ஏற்பட்ட வங்கிச் சம்பள ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, இந்திய வங்கிகள் சங்கத்தின் ஏற்பாட்டில் வங்கி ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் ஒரு குரூப் பாலிசி வந்தது. ஓய்வூதியர்களுக்கு அதன் வருடம் நவம்பர் 1-இல் தொடங்கி அக்டோபர் 31-இல் முடியும். என்னுடைய தொகை நான்கு லட்சம். அதற்கு மேல் வெளியே ஒரு சூப்பர் டாப்-அப் எடுத்தேன், கோடு நான்கு லட்சம். கணக்குப் பொருத்தம் பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதை வாங்கியது வருமான வரிக்காக மார்ச் கடைசியில். அதன் வருடம் ஏப்ரலில் இருந்து மார்ச் வரை.

ஒரு வருடம் பிப்ரவரியில் மூன்று லட்சம் செலவு, மே மாதம் இரண்டு லட்சம். வங்கி பாலிசி நான்கு லட்சத்தோடு கை விரித்தது. மிச்சம் ஒரு லட்சத்துக்கு சூப்பர் டாப்-அப்பிடம் போனால், “உங்கள் பாலிசி வருடத்தில் இதுவரை இரண்டு லட்சம்தான் செலவாகியிருக்கிறது, கோட்டைத் தொடவில்லை” என்றார்கள். பிப்ரவரிச் செலவு அவர்களுக்குப் போன வருடத்துக் கணக்கு. குறை சொல்ல வழியில்லை, அவர்கள் சொன்னது சரி. இரண்டு பாலிசியும் ஒரே தேதியில் தொடங்கியிருந்தால் அந்த ஒரு லட்சம் வந்திருக்கும். முப்பத்தாறு வருடம் வங்கியில் வட்டித் தேதி பார்த்தவன் நான். இதைப் பார்க்கவில்லை.

அதனால் முதல் அட்டை எந்தத் தொகையில் முடிகிறதோ அந்தத் தொகையிலும், எந்தத் தேதியில் தொடங்குகிறதோ அந்தத் தேதியிலும் இரண்டாவது தொடங்க வேண்டும். முதல் அட்டையின் தொகையைக் கம்பெனியோ வங்கியோ குறைத்தால் அன்றே இரண்டாவதன் கோட்டையும் பாருங்கள். நான்கு லட்சத்தை அவர்கள் இரண்டாகக் குறைத்து, உங்கள் கோடு நான்கிலேயே நின்றால், நடுவில் இருக்கும் இரண்டு லட்சம் உங்கள் பிக்சட் டெபாசிட்டிலிருந்துதான் வரும்.

5. அறை வாடகை. முழங்கால் மாற்றுச் சிகிச்சைக்காக என் மனைவி சேர்ந்தபோது பாலிசியில் அறைக்கு நாளுக்கு 5,000 ரூபாய் வரம்பு. மகள் கூடத் தங்கட்டும் என்று 7,500 ரூபாய் அறை எடுத்தோம். “வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் காகா” என்றது ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண். ஐந்து நாளுக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, பரவாயில்லை என்று தலையாட்டினேன்.

அப்படி இல்லை. நீங்கள் எடுத்த அறையின் வாடகையில் மூன்றில் இரண்டு பங்குதான் உங்கள் வரம்பு என்றால், டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் மூன்றில் இரண்டு பங்குதான் தருவார்கள். மருந்து, பொருத்தும் உபகரணம், பரிசோதனைகள் மட்டும் இந்த வெட்டுக்குத் தப்பும். எங்கள் பில்லில் வெட்டுக்கு உட்பட்டது இரண்டு லட்சம். அறுபத்தாறாயிரம் போயிற்று. போதாக்குறைக்கு, காப்பீட்டில் வராத பொருள்கள் என்று ஆணையமே 68 இனங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. டயப்பர், கழுத்துப்பட்டை, துணைக்கு இருப்பவர் கட்டணம் எல்லாம் அதில் உண்டு. அறை வரம்பு இல்லாத பாலிசி கொஞ்சம் விலை கூடினாலும் அதை எடுங்கள். முடியாவிட்டால் வரம்புக்குள் அறை எடுத்து, மகளைச் சகோதரி வீட்டில் தங்கச் சொல்லுங்கள்.

6. கோ-பே. மூத்த குடிமக்களுக்கென்றே விற்கும் பாலிசிகளில் சில, ஒவ்வொரு கிளெய்மிலும் 20 அல்லது 30 சதவீதம் உங்கள் தலையில் வைக்கும். இரண்டு லட்சத்தில் அறுபதாயிரம். இன்னொரு தந்திரம், திருநெல்வேலி விலாசம் கொடுத்து வாங்கினால் பிரீமியம் குறையும் என்பது. குறையும்தான். சிகிச்சை புனேயில் நடக்கும்போது, சிறிய ஊர் விலைக்கு வாங்கிவிட்டுப் பெரிய ஊரில் சேர்ந்தீர்கள் என்று சில பாலிசிகள் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளும். வசிக்கும் விலாசத்தையே கொடுங்கள்.

7. பிரீமியத்தை இன்றைய விலையில் பார்க்காதீர்கள். அறுபது வயது தாண்டியவர்களுக்கு வருடத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. நல்லது. ஆனால் வருடா வருடம் பத்து ஏறினாலே முப்பதாயிரம் ஏழு வருடத்தில் ஐம்பத்தெட்டாயிரம் ஆகும். எழுபத்தைந்து வயதில் அதைக் கட்ட முடியுமா என்று இன்றே போட்டுப் பாருங்கள். பாதி வழியில் விட்ட பாலிசி, கட்டின பிரீமியத்தையும் காத்திருந்த வருடங்களையும் சேர்த்து விழுங்கிவிடும். தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. பழைய கணக்கு வைத்து யாராவது பதினெட்டு சதவீதம் சேர்த்துச் சொன்னால் நிறுத்திக் கேளுங்கள்.

பழைய வருமான வரி முறையில் இருக்கும் மூத்த குடிமக்கள் பிரீமியத்துக்காக ஐம்பதாயிரம் வரை கழிக்கலாம். பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் அது கிடையாது.

8. எழுபது வயது ஆனவர் யாராயிருந்தாலும், வருமானம் எவ்வளவானாலும், ஆதாரை வைத்து ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை எடுத்துவிடுங்கள். 2024 அக்டோபரில் தொடங்கியது, குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம். தனியார் பாலிசி இருந்தாலும் இதுவும் கிடைக்கும். சி.ஜி.ஹெச்.எஸ்., இ.சி.ஹெச்.எஸ்.காரர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியும் இதை ஏற்பதில்லை, ஆகவே இதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

9. இரண்டு பாலிசி இருப்பவருக்குச் சிக்கல் டிஸ்சார்ஜ் அன்றுதான் வரும். முதல் நிறுவனம் அசல் பில்லை எல்லாம் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது நிறுவனம், “அசல் எங்கே?” என்று கேட்கும். அதனால் ஆஸ்பத்திரியிலேயே எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் ஒரு செட் வாங்கிவிடுங்கள். முதல் நிறுவனத்திடமிருந்து எவ்வளவு கொடுத்தது, எதை வெட்டியது என்று காட்டும் செட்டில்மென்ட் கடிதம் வாங்குங்கள். இந்த ஒற்றைத் தாள் இல்லாமல் இரண்டாவது பாலிசி நகராது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே இரண்டு இடத்துக்கும் தகவல் சொல்லிவிடுங்கள், செலவு கோட்டைத் தாண்டாது என்று தோன்றினாலும்கூட.

கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம் என்று 2024-இல் விதி வந்திருக்கிறது. விதியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மத்தியானச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போங்கள்.

10. மறுத்துவிட்டால் வீட்டுக்கு வந்து படுத்துவிடாதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். புனேக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், அந்த அலுவலகம் நம் ஊரிலேயே நாராயண் பேட்டில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஐம்பது லட்சம் வரையான தாவாவைக் கேட்பார்கள். நிறுவனத்தின் மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தெரிந்த ஒரு பெரியவருக்காக நானே துணைக்குப் போயிருக்கிறேன். அவர் மராத்தியும் தமிழும் கலந்து பேசினார், பொறுமையாகக் கேட்டார்கள்.

11. கடைசியாக, பெரும்பாலும் படுக்கப்போவது நீங்கள், பேப்பரைத் தேடப்போவது உங்கள் மனைவி. பிள்ளைகள் பெங்களூரிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு மஞ்சள் ஃபைல், கேஸ் புத்தகத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. இரண்டு பாலிசி எண், கிளெய்மைக் கவனிக்கும் டி.பி.ஏ.யின் தொலைபேசி எண், கோடு எவ்வளவு, அறை வரம்பு எவ்வளவு எல்லாம் முதல் தாளில் அவள் கையெழுத்திலேயே இருக்கிறது. என் கையெழுத்து அவளுக்குப் புரியாதாம். அடியில் சிவப்பு மையில் அவளே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: “இரண்டும் நவம்பர் 1. ஐயாவிடம் விடாதே, நீயே கட்டு.”