ஆப்ப மாவு ஏன் இன்னும் பொங்கவில்லை?

தேக்காவில் வாங்கிய உலர் ஈஸ்டைக் கலந்து ஒரு மணி நேரமாகியும் ஆப்ப மாவு அப்படியே இருக்கிறதா? அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள், சூடு போதவில்லை என்று கொதிநீரும் ஊற்றாதீர்கள். ஈஸ்ட் உயிருள்ள ஒரு பூஞ்சை. 60 பாகை செல்சியசில் அது இறந்துவிடும்.

பாக்கெட்டில் அது உறங்குகிறது. நீர் பட்டதும் விழித்து, வேண்டிய நொதிகளை உருவாக்கிக்கொண்ட பிறகே பெருகத் தொடங்கும். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்தில் ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றுவார்கள். கள்ளில் இருக்கும் ஈஸ்ட் ஏற்கெனவே சர்க்கரையைத் தின்றுகொண்டிருப்பதால் இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. பீர் தயாரிப்பவர்கள் ஈஸ்டை முன்கூட்டியே தனியாக வளர்த்து ஊற்றுவதும் இதற்காகத்தான்.

ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கலாம். அரைக் குவளை இளஞ்சூடான நீரில் (38 பாகை) ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் அதே அளவு ஈஸ்டும் போடுங்கள். 10 முதல் 15 நிமிடத்தில் நுரை வந்தால், அது கரியமில வாயு; ஈஸ்ட் நலம். மாவைக் குளிரூட்டிய அறையிலிருந்து சமையலறைக்கு மாற்றிப் பொறுத்திருங்கள். நுரையே இல்லையென்றால் புதுப் பாக்கெட்தான். எப்படியானாலும் பாத்திரத்தை இறுக்கி மூடவேண்டாம், வாயு வெளியேற வழி வேண்டும்.